எந்த டை?

எங்கள் வீட்டில் டை என்றால் இரும்பு. அது இரண்டு பாகமாக இருக்கும். கீழ்ப்பாகம் பிரஸ் மெஷினின் மேடையில் உட்காரும். மேல்பாகம் இறங்கி வந்து அடிக்கும். நடுவில் வைத்த தகடு பிராக்கெட்டாகவோ மூடியாகவோ மாறி வெளியே வரும். அந்த இரும்பை மெஷினில் ஏற்றி, உயரம் பார்த்து, நூலளவு பிசகாமல் பொருத்துவதுதான் அப்பாவின் வேலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரே பிரஸ் ஷாப்பில் இருபத்தாறு வருடம் டை செட்டராக இருந்தார்.

நான் பள்ளிக்கூடத்துக்கு டை கட்டிக்கொண்டு போனேன். அப்பா தீபாவளிக்கு முன்னால் தலைக்கு டை அடித்துக்கொள்வார். ஆனாலும் யாராவது வெறுமனே டை என்று சொன்னால் எங்கள் மூன்று பேர் மனதிலும் வருவது அந்த இரும்புதான். அம்மாவுக்கும் அப்படித்தான். "இன்னிக்கு லேட்டாவும், டை கீது" என்று அப்பா போனில் சொன்னால், அம்மா குழம்பை மூடி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கதை பேசப் போய்விடுவாள்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த பிழை யாருக்கும் புரியாது.

நான் மெக்கானிக்கல் படித்தேன். திருவள்ளூர் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. வெளியிலிருந்து எங்களுக்கு வரும் பாகங்களை நான்தான் அளந்து ஏற்க வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். எங்களுக்குப் பிராக்கெட் அடித்துத் தரும் நான்கைந்து பிரஸ் ஷாப்புகளில் அப்பா வேலை பார்த்ததும் ஒன்று. சேர்ந்த அன்றே இதை என் மேலாளரிடம் சொன்னேன். "அளவு சரியா இருந்தா யார் அப்பாவா இருந்தா என்ன?" என்றார். அளவு சரியாக இல்லாமல் இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"பெத்த அப்பன் போட்ட பார்ட்டையே ரிஜெக்ட் பண்றா பாரு இவ," என்று அப்பா அம்மாவிடம் முறையிட்டார்.

"நீ ஒழுங்கா போட்டா அவ இன்னாத்துக்குத் திருப்பி அனுப்பப் போறா?" என்றாள் அம்மா.

வார நாட்களில் திருவள்ளூரில் விடுதி. சனிக்கிழமை சாயங்காலம் கவரைப்பேட்டை பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போவேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கும் எனக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. அது தொடங்கியது ஒரு பயிற்சி வகுப்பில். சாணைக்கல்லில் இருக்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் கொரண்டம் என்று பெயர். அது நம்முடைய குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனது என்று வகுப்பு எடுத்தவர் போகிற போக்கில் சொன்னார். அந்த வாரம் வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா வாயில் இட்டிலியோடு நிமிர்ந்து பார்த்தார். "அப்போ இத்தினி வருசமா நான் தமிழ்லதான் கிரைண்டிங் போட்டுகினு இருந்தனா? எவனும் சொல்லலியே."

அன்றிலிருந்து ஷாப்பில் அவர் வாயில் புழங்கும் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். நான் அகராதியில் தேடி, அது எங்கே பிறந்தது, எப்படி உருமாறியது என்று அடுத்த ஞாயிறு சொல்ல வேண்டும். என் லேப்டாப்பில் ஒரு அட்டவணை போட்டேன். முதல் பத்தியில் சொல். இரண்டாவதில் அப்பா அதைச் சொல்லும் விதம். மூன்றாவதில் பிறந்த இடம். நான்காவதில் பழைய பொருள். கடைசிப் பத்தி அப்பாவின் கருத்து.

கிரேன் என்பது கொக்கு. நீளக் கழுத்தைப் பார்த்து வைத்த பெயர். அப்பாவின் கருத்து: "ரெண்டு டன்னு தூக்குது, கொக்காம்."

மெஷினின் மேடைக்கு போல்ஸ்டர் என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் அது நீளத் தலையணை. அப்பாவின் கருத்து: "தலகாணின்னு நெனச்சு அதும்மேல கை வெச்சவன் வெரலு போயிருக்கு."

பிளாங்க் என்று அவர்கள் சொல்வது அடிப்பதற்கு முன் வெட்டி வைத்த வெறும் தகடு. அது பிரெஞ்சில் வெள்ளை. எதுவும் எழுதாத காகிதம் வெள்ளை, ஆகவே வெறுமை. அதற்கு அவர் கருத்து எதுவும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

ஷாப் சொற்கள் தீர்ந்தால் வேறு சொற்கள். பாண்டிகூட் என்பது தெலுங்கிலிருந்து போனது, பந்திகொக்கு, அதாவது பன்றி எலி. அவருக்கு அளவில்லாத சந்தோஷம். எங்களுக்கு ஆந்திரா எல்லை பக்கம்தானே. "பாத்தியா, நம்ம பெருச்சாளி பாஸ்போர்ட் இல்லாமலே லண்டன் போயிட்டு வந்துகீது!" கூலி ஆங்கிலத்துக்குப் போய்ச் சம்பளம் என்ற பொருளை இழந்து ஆளுக்கே பெயராகிவிட்டது என்று சொன்ன அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை. அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். "சம்பளம் அங்க போவல, நம்ம ஆளுதான் போனான்," என்றார். அதை அப்படியே கடைசிப் பத்தியில் எழுதிக்கொண்டேன்.

ஒரு சொல்லை அவர் இரண்டு முறை கேட்டார். "எட்டாவதுல எங்க வாத்தியாரு டைன்னா சாவறதுன்னு சொல்லிக் குடுத்தாரு. இதுக்கும் அதே எழுத்துதான் போடறான். இன்னாத்துக்கு இரும்புக்குப் போயி அந்தப் பேரு?"

"ரெண்டும் வேறப்பா. எழுத்து மட்டும்தான் ஒண்ணு," என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. அட்டவணையில் அந்த வரிசையைத் திறந்து சொல்லை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிட்டேன். அவசரமில்லை என்று நினைத்தேன்.

இனி அந்த நாள்.

அப்பாவோடு வேலை செய்தவர் ஒருவர் உண்டு. பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பம். அவர் மட்டும் படகை விட்டுப் பிரஸ் ஷாப்புக்கு வந்தவர். அப்பாவை அண்ணே என்பார், ஆகவே எனக்கு அவர் சித்தப்பா. தமிழ் நன்றாகப் பேசுவார். தெலுங்குப் பள்ளியில் ஐந்து வருடம் உட்கார்ந்தவர், தமிழ் எழுத வராது. ஷாப்பிலிருந்து எனக்கு டைகளைப் பற்றி வாட்சப்பில் செய்தி அனுப்புவது அவர் வேலை. ஆங்கில எழுத்தில் இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று. கவர் டை கிராக். பிராக்கெட் டை ஓகே. எப்போதும் முதலில் பெயர், அடுத்து டை.

அந்த வாரம் புது பிராக்கெட் ஒன்றுக்கு இரண்டு டைகள் வந்திருந்தன, இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. இரண்டையும் அப்பாதான் ஏற்றினார். முதல் சாம்பிள் எப்படி வருமோ என்று இரண்டு தொழிற்சாலையிலும் எல்லோரும் காத்திருந்தோம். அதே நேரம் எங்களிடம் பொருள் வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்திருந்தார்கள். காலையிலிருந்து ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து அவர்கள் கேட்கக் கேட்க ரெக்கார்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் மேசை மேல், சத்தம் இல்லாமல்.

10.21-க்குச் சித்தப்பாவிடமிருந்து அழைப்பு. துண்டித்தேன். மீட்டிங்கில் இருக்கிறேன், மெசேஜ் அனுப்பவும் என்ற தயார் செய்தி போனது.

10.42-க்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் இரண்டு சொல். அப்பா டை.

அப்பா ஏற்றிய டை, அதில் ஏதோ பிரச்சினை. எனக்குப் பட்டது அதுதான். வேறு எதுவும் படவில்லை. மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு ஆங்கில எழுத்திலேயே பதில் அடித்தேன். 10.43.

எந்த டை? லெஃப்டா ரைட்டா? போட்டோ அனுப்புங்க.

பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆடிட்டர் கேட்ட அடுத்த கோப்பை எடுத்தேன்.

11.30-க்கு டீ இடைவேளை. சித்தப்பாவிடமிருந்து ஒரு தவறிய அழைப்பு, 11.09. அம்மாவிடமிருந்து மூன்று. அம்மாவைத்தான் கூப்பிட்டேன். எடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. மெஷினுக்குப் பக்கத்தில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆம்புலன்சில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோனார்களாம். போகிற வழியிலேயே போய்விட்டாராம். சோழவரம் தாண்டவில்லையாம்.

அப்போதுதான் அந்தச் செய்தியைத் திரும்பப் படித்தேன். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. பொருள் மட்டும் மாறிவிட்டிருந்தது.

காரியமெல்லாம் நடந்தது. சித்தப்பா முதல் மூன்று நாளும் வந்து ஷாமியானா கட்டினார், தண்ணீர் கேன் தூக்கினார், என் முகத்தைப் பார்க்காமல் தள்ளியே நின்றார். பதினாறாம் நாள் கருமாதிக்கும் வந்தார். சாப்பிடாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு ஷாப்பிலிருந்து வரும் செய்திகள் வேறு எண்ணிலிருந்து வந்தன.

என் பதிலை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரி காகிதத்தில் கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று மட்டும்தான் இருந்தது. உயிர் எப்போது போனது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. சித்தப்பாவின் ஆங்கிலத்தில் காலம் கிடையாது. கிராக் என்று எழுதினால் விரிந்துவிட்டது என்றும் இருக்கலாம், விரியப் போகிறது என்றும் இருக்கலாம், நான்தான் கேட்டுத் தெரிந்துகொள்வேன். டை என்றால்?

நான் எதையும் எழுதிப் பார்த்துத்தான் யோசிப்பேன். எழுதினேன்.

ஒன்று. 10.42-க்கு அப்பா இறந்திருந்தார். அப்படியானால் என் பதில் சித்தப்பாவை மட்டும்தான் நோகடித்தது.

இரண்டு. உயிர் இருந்தது, நினைவு இல்லை.

மூன்று. உயிரும் இருந்தது, நினைவும் இருந்தது. அப்படியானால், 10.43-க்கு நான் எழுந்து வெளியே வந்து கூப்பிட்டிருந்தால் அப்பாவோடு பேசியிருக்கலாம். 11.09 வரைக்கும் இருபத்தாறு நிமிடம். அதில் பத்து நிமிடம் அவருக்குக் கேட்டிருந்தால்கூடப் போதும்.

மூன்றாவது வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். சில நாள் மூன்றாவதாகத்தான் இருக்க வேண்டும் என்றும் தோன்றும். நினைவில்லாமல் ஒரு மனிதர் போய்விட்டார் என்பதும் தாங்கக்கூடியதாக இல்லை.

சித்தப்பாவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டவணையைத் திறந்தேன். அப்பா இரண்டு முறை கேட்ட சொல்லை அப்போதுதான் தேடினேன்.

நான் சொன்னது சரிதான், இரண்டும் வேறு. தெரியாமல் சொன்னது தற்செயலாகச் சரியாகிவிட்டது. சாகிற டை, வடக்கிலிருந்து கப்பலில் வந்து இங்கிலாந்தில் குடியேறியவர்களின் சொல்லாக இருக்கலாம் என்கிறார்கள். அதற்கு முன் ஆங்கிலேயர்கள் சாவதற்கு வேறு சொல் வைத்திருந்தார்கள். புதுச் சொல் வந்ததும் பழையது மெல்ல ஒதுங்கி, ஸ்டார்வ் என்று மாறி, பட்டினி கிடப்பதற்கு மட்டும் என்று ஆகிவிட்டது. புது ஆள் வந்தால் பழைய ஆபரேட்டரை ஸ்டோருக்கு மாற்றுவார்களே, அதுபோல. தலைக்கு அடிக்கும் டை மூன்றாவது. அதையும் சாவையும் வெகுகாலம் ஒரே எழுத்தில்தான் எழுதிக் குழப்பிக்கொண்டிருந்தார்களாம். எழுத்தைப் பிரித்தது பிற்பாடுதான். சொந்த மொழிக்காரர்களே குழம்பியிருக்கிறார்கள் என்று படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்காக வெட்கப்பட்டேன்.

இரும்பு டை லத்தீனிலிருந்து வருகிறது. கொடுக்கப்பட்டது என்று பொருள். பகடைக்காயை உருட்டினால் விழுவதை விதி கொடுத்தது என்று நினைத்தார்கள், அதனால் பகடைக்கு அந்தப் பெயர். கட்டையாக, சதுரமாக இருந்ததாலோ என்னவோ அச்சு அடிக்கும் இரும்புக்கும் அதே பெயர் வந்தது. அந்த லத்தீன் சொல்லின் பன்மைதான் டேட்டா. அப்பா டை ஏற்றினார். நான் டேட்டா பார்க்கிறேன். இரண்டும் ஒரே சொல் என்பதை அவரிடம் சொல்லியிருந்தால் கடைசிப் பத்தியில் என்ன எழுதச் சொல்லியிருப்பார் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை. அவர் எப்போதும் நான் எதிர்பார்க்காததைத்தான் சொல்வார்.

தேட ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. அந்த நாளின் சொற்களையெல்லாம் எடுத்தேன். ஆம்புலன்ஸ் என்றால் நடப்பது. போர்க்களத்தில் படைக்குப் பின்னால் நகர்ந்துபோன மருத்துவமனையை நடக்கும் மருத்துவமனை என்றார்கள், பிறகு மருத்துவமனை உதிர்ந்து நடப்பது மட்டும் மிஞ்சியது. ஹாஸ்பிடல் விருந்தினரை வைத்துக்கொள்ளும் இடம். கேசுவல்டியின் அடியில் இருப்பது விழுதல். ஆடிட் என்றால் கேட்பது, காதால் கேட்பது. ஒருவர் கணக்கை உரக்கப் படிக்க இன்னொருவர் உட்கார்ந்து கேட்பாராம். இதைப் படித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன். அதற்குப் பிறகு அட்டவணையில் எதுவும் சேர்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, சப்ளையர் ஆடிட் என்று அந்த ஷாப்புக்கு நான் போக வேண்டி வந்தது. வருடத்துக்கு ஒருமுறை எல்லா ஷாப்புக்கும் போவோம். வேறு ஒருவரை அனுப்புகிறேன் என்று மேலாளர் சொன்னார். நானே போகிறேன் என்றேன்.

நாற்பது கேள்வி கொண்ட படிவத்தோடு உள்ளே நடந்தேன். அப்பாவின் மெஷினில் சித்தப்பா நின்றிருந்தார். இப்போது அவர்தான் டை செட்டர். குனிந்து, டார்ச் அடித்து, தகடு உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நேராக நின்றார், மேலதிகாரியிடம் நிற்பதுபோல. எனக்கு அது பொறுக்கவில்லை.

"ஷட் ஹைட் எவ்ளோ வெச்சிருக்கீங்க?" என்று, டை மூடி நிற்கும் உயரத்தைப் படிவத்தில் இருந்தபடி கேட்டேன். சொன்னார். எழுதிக்கொண்டேன். ஏழு கேள்வி அப்படியே போனது.

"சாப்பாட்டு நேரத்துல கேட்டுக்கு வெளிய வர்றீங்களா சித்தப்பா? ஒண்ணு கேக்கணும்."

"படிவத்துல இல்லாததா?"

"இல்லாததுதான்."

கேட்டுக்கு எதிரில் ஒரு டீக்கடை. லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. அவர் இரண்டு டீ சொன்னார். இருவரும் நின்றுகொண்டே குடித்தோம். நான் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். முதலில் மன்னிப்பு, பிறகு விளக்கம், கடைசியில் கேள்வி. வாயைத் திறந்ததும் கடைசியில் இருந்தது முதலில் வந்துவிட்டது.

"நீங்க மெசேஜ் போட்டப்போ அப்பா உயிரோட இருந்தாரா?"

அவர் கிளாசைப் பெஞ்சின் மேல் வைத்தார்.

"இருந்தாரு பாப்பா."

"நெனவு?"

"நல்லா இருந்துச்சு. பேசிக்கினேதான் வந்தாரு." பிறகு அவராகவே சொன்னார். "கவரப்பேட்ட தாண்டினதும் ஆம்புலன்ஸ்ல இருந்த நர்ஸ் தம்பி எங்கிட்ட கண்ணால காட்டினான், கஷ்டம்னு. ஒனக்கு மறுபடியும் போன் பண்ணலாம்னு எடுத்தேன். இன்னான்னு பேசறது? அண்ணன் பக்கத்துலயே படுத்துகினு காத வெச்சுகினு கீறாரு. அவரு காதுல வுழற மாதிரி நான் எப்டி அத சொல்லுவேன்? வாய்ஸ்ல அனுப்பினாலும் வாயால சொல்லணும். அதான் எழுதினேன். நான் என்னிக்கி எழுதி இருக்கேன், சொல்லு. டையத் தவிர வேற எதுவும் எனக்கு எழுத வராது."

மூன்று மாதம் அந்த இரண்டு சொல்லை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். பேசாமல் ஏன் எழுதினார் என்று ஒருமுறைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அப்பா உயிரோடு இருந்ததால்தான் அவர் எழுதினார்.

"அவரு பாத்துட்டாரு," என்றார் சித்தப்பா. "யாருக்குடா எழுதறன்னு கேட்டாரு. பாப்பாவுக்குன்னேன். காட்டுன்னாரு. நான் மாட்டேன்னு போன மறைக்கிறேன், அவரு கைய நீட்றாரு. இன்னா பண்றது, காட்டிட்டேன். அந்த மாஸ்க்க ஒதுக்கிட்டுப் படிச்சாரு. படிச்சிட்டு என்ன ஒரு மொற மொறச்சாரு. நான் செத்தேன்னு நெனச்சேன். 'எந்த டைடா? லெஃப்டா ரைட்டா?'ன்னு கேட்டாரு."

டீக்கடை ரேடியோவில் யாரோ விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அதைக் கவனமாகக் கேட்டேன்.

"ரைட்டுண்ணேன்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது? 'ரைட்டு நல்லாத்தானடா இருந்துச்சு, நேத்துதான ஏத்தினேன்'னு சொல்லிகினு இருக்கும்போதே ஒன்னோட மெசேஜ் வந்துச்சு. நீயும் அதையேதான் கேட்டிருந்த. படிச்சுக் காட்டினேன். சிரிக்கிறதா அழுவறதான்னு எனக்குத் தெரியல பாப்பா."

"அப்பா என்ன சொன்னாரு?"

"போட்டோலாம் வோணாம், நான் போயி பாத்துக்கிறேன்னு சொல்லுன்னாரு. அப்பால கண்ண மூடிக்கினாரு. தூங்கறாருன்னு நெனச்சேன். காரனோடைப் பாலத்துல நர்ஸ் தம்பி கைய புடிச்சுப் பாத்தான். அதுக்கப்புறம்தான் ஒனக்குத் திருப்பி அடிச்சேன்."

என்னிடம் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கேட்காமல் விட்டால் ஆயுள் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருப்பேன் என்று தெரிந்தது.

"நான் அப்போ போன் பண்ணியிருந்தா பேசியிருப்பாரா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். யோசித்தார். நான் அளவு கேட்டால் எப்படி யோசித்துச் சொல்வாரோ அப்படி.

"பேசியிருப்பாரு," என்றார்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததற்கு உள்ளே சங்கு ஊதியது. அவர் நகரவில்லை. கட்டைவிரலால் கிளாசின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"ஒன்னக் கேக்கணும்னு நானும் நெனச்சுகினு இருந்தேன். ஒன் மூஞ்சியப் பாத்து கேக்க முடியல. நான் தப்பா எழுதிட்டனா பாப்பா? அதுக்கு வேற எழுத்தா? வேற எழுத்து போட்டிருந்தா ஒனக்கு டக்குனு புரிஞ்சிருக்குமா?"

ஐஎன்ஜி சேர்த்து, நடுவில் எழுத்தை மாற்றி, டையிங் என்று எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதியிருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன். அப்பாவும் அதைப் படித்திருப்பார்.

"இல்ல சித்தப்பா. சரியாத்தான் எழுதியிருந்தீங்க," என்றேன்.

அவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மீதி முப்பத்து மூன்று கேள்வியையும் மத்தியானம் முடித்தேன்.

அன்று விடுதிக்குப் போகாமல் நேரே வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் கொடியில் இருந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். வார நடுவில் என்னைப் பார்த்ததும் பயந்துபோனாள். ஒன்றுமில்லை என்று சொல்லி, துணிகளை நானும் வாங்கிக்கொண்டு, சித்தப்பாவைப் பார்த்த விஷயத்தைச் சொன்னேன். என் பதிலைப் பற்றி அம்மாவுக்கு அதுவரை தெரியாது. அன்றும் சொல்லவில்லை.

"ஆம்புலன்ஸ்ல அப்பாவுக்கு நெனவு இருந்துச்சாம்மா. பேசிக்கிட்டே போனாராம்."

அம்மா கையிலிருந்த புடவையை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்ததோடு நினைவு போய்விட்டது என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"இன்னா பேசினாரு?"

"டையப் பத்தி."

"வேற இன்னாத்த பேசப் போறாரு. என்னக் கட்டிக்கினதிலேர்ந்து அதத்தான பேசினாரு." கோபமாகத்தான் சொன்னாள். துணியை உதறினாள். கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல், "என்னக் கேட்டாராமா?" என்றாள்.

வேலையில் நான் ஒருநாளும் தவறான அளவை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டதில்லை.

"கேட்டாராம்," என்றேன்.

"இன்னான்னு?"

"நீ சாப்ட்டியான்னு," என்றேன்.

அம்மா அந்தக் காலையை மணிவாரியாக எடுத்துப் பார்த்தாள் போலிருக்கிறது.

"அன்னிக்கு நான் இன்னும் சாப்புடலியேடி," என்றாள்.